புதுப்பிப்பு: சிறுநீரக நோயும் இரத்தக்குறைவும், முருங்கையிலை பற்றி ஒரு திருத்தம்

முன்னைய பதிவில் இரத்தக்குறைவுக்கு முருங்கையிலை நல்லது என்று எழுதியிருந்தது. சிறுநீரக நோயால் இரத்தத்தில் பொட்டாசியம் கூடினவருக்கு அது அப்படியே பொருந்தாது; அந்த இலையிலும் பொட்டாசியம் இருக்கு. அவர்கள் இலையை நிறையத் தண்ணியில் அவித்து, தண்ணியை ஊத்திவிட்டு, அளவாகச் சாப்பிடலாம். அந்தத் தண்ணியிலயே சொதி வைச்சால் பொட்டாசியம் திரும்பக் கோப்பைக்குத்தான் வரும். இளநீரிலும் பொட்டாசியம் இருக்கு, அதுவும் அவர்களுக்குப் பொருந்தாது. பொட்டாசியம் சரியாக இருப்பவர் வீணாகப் பத்தியம் பிடிக்கத் தேவையில்லை.

பலர் கேட்டது: இரும்புக் குளிசை போட்டும் ஹீமோகுளோபின் ஏன் ஏறவில்லை? முதலில் நேரத்தைப் பாருங்கோ. பொஸ்பரசைக் கட்டுப்படுத்தும் கல்சியம் காபனேற்றுக் குளிசை சாப்பாட்டோடு. இரும்பு அதிலிருந்து 2 மணித்தியாலம் தள்ளி, வெறுவயிற்றில். உடனே தேத்தண்ணி வேண்டாம். சேர்த்துப் போட்டால் இரும்பு சரியாக உறிஞ்சப்படாது.

அடுத்தது பெரிட்டின், அதாவது உடம்பில் சேமித்துள்ள இரும்பைக் காட்டும் இரத்தப் பரிசோதனை. கிருமித்தொற்று, அழற்சி இருந்தால் அது பொய்யாக உயர்ந்து நிற்கும். டிரான்ஸ்பெரின் செறிவையும் (இரத்தத்தில் இரும்பைக் காவும் புரதத்தில் எவ்வளவு பங்கு இரும்பால் நிரம்பியிருக்கு என்ற அளவு) சேர்த்தே பார்க்கவேணும். இரும்பு போதாமல் எரித்ரோபொயட்டின் (செங்குருதிக் கலங்களை உண்டாக்கத் தூண்டும் ஹோர்மோன்) ஊசி மட்டும் போட்டுப் பெரிய பலனில்லை. ஊசி போடுபவருக்கு ஹீமோகுளோபினை வழமையாக 11.5 g/dLக்கு மேல் கொண்டுபோவதில்லை, 13ஐத் தாண்டவே விடக்கூடாது: பக்கவாத ஆபத்து. ஊசிக் காலத்தில் பிரஷரையும் அடிக்கடி பாருங்கோ. கருவாடு, ஊறுகாய் அதை இன்னும் ஏத்தும்.