கரோக்கி இரவுக்கு எவ்வளவு கேட்பது?

வணக்கம் அண்ணாமார், அக்காமார். மட்டக்களப்பில் நானும் தம்பியும் கரோக்கி இரவு நடத்துகிறோம். இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர், ஒரு மிக்சர், நாலு மைக், ஒரு லேப்டொப், இவ்வளவுதான் எங்கள் சாமான்.

கல்லடியில் முப்பது பேர் இருக்கும் சாப்பாட்டுக் கடைக்கு மூன்று மணி நேரத்துக்கு 15,000 ரூபா வாங்குகிறோம். அது சரியாக வருகிறது. போன மாதம் பாசிக்குடாப் பக்கம் கடற்கரைப் புல்வெளியில் இருநூறு பேர். அதே காசுக்கு ஒப்புக்கொண்டுவிட்டேன். திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் சத்தம் 6 டெசிபெல் குறையும். பின்னுக்கு இருந்தவர்களுக்குக் கேட்கவே இல்லை. கூட்டினால் மைக் கீச்சிட்டது. ஆசையாகப் பாட வந்த ஒரு அம்மா, பாதியில் மைக்கை என் கையில் தந்துவிட்டுப் போய் இருந்துவிட்டார். அவர் முகம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

இப்போது களுவாஞ்சிக்குடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடத்தக் கேட்கிறார்கள், நானூறு பேர். ஸ்பீக்கர் வாடகை, வாகனக் கூலி, கூட ஒரு ஆள் எல்லாம் சேர்த்து எவ்வளவு சொல்லலாம்? மணிக்கணக்கா, ஆள் கணக்கா? பாதிக் காசு முற்பணமாகக் கேட்டால் பிழையா? கல்முனை, அம்பாறைப் பக்கம் இந்தத் தொழில் செய்பவர்கள் உங்கள் கணக்கைச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும்.