டேவிட் லீன் படங்கள்: குன்னூரில் 4 சனிக்கிழமை, எந்த வரிசையில் போடலாம்?

கேள்வி: சிம்ஸ்பார்க்_வாசி

வணக்கம். எங்கள் திரைப்படக் குழுவில் அடுத்த மாதத்தின் 4 சனிக்கிழமை மாலைகளையும் பிரிட்டிஷ் இயக்குநர் டேவிட் லீனுக்கு ஒதுக்கியிருக்கிறோம். 25 பேர் வருவார்கள். பாதிப் பேருக்கு அவரை நம் மலை ரயிலைப் படம் பிடித்தவர் என்ற அளவில்தான் தெரியும். 10 அடி அகலத் திரை, 16:9 புரொஜெக்டர் இருக்கிறது. எந்த 4 படங்களைப் போடலாம்? நம் ரயில் வரும் ‘எ பாசேஜ் டு இந்தியா’வை முதலில் போட்டால் கூட்டம் சேரும் என்று சிலர் சொல்கிறார்கள், சரியா? அவ்வளவு புகழோடு இருந்தவர் 1970-க்குப் பிறகு 14 வருடம் ஏன் படமே எடுக்கவில்லை?

பதில் 1: கோத்தகிரி_எடிட்டர்

அதை முதலில் போடாதீங்க, கடைசி வாரத்துக்கு வையுங்க. அது 1984-இல் வந்த அவருடைய கடைசிப் படம். அதில் எடிட்டிங்கும் அவரே. அங்கிருந்து தொடங்கினால், அந்தக் கை எப்படிப் பழகியது என்பது பார்ப்பவர்களுக்குப் பிடிபடாது.

லீன் 1908-இல் பிறந்தவர். நம் மலை ரயில் ஊட்டியை எட்டியதும் அதே வருடம்தான். ஸ்டூடியோவில் எடுபிடி வேலையில் சேர்ந்து, 1930-களில் இங்கிலாந்தின் முன்னணி எடிட்டராக உயர்ந்தார். 1942-இல்தான் நாடகாசிரியர் நோயல் கவர்டோடு சேர்ந்து முதல் படத்தை இயக்கினார். வெட்டும் மேசையிலிருந்து வந்தவர் என்பதை மறந்துவிட்டு அவரைப் பாலைவனம், பனி, யானை அளவு செட் என்று மட்டும் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை.

என் வரிசை இது: முதல் வாரம் ‘ப்ரீஃப் என்கவுன்டர்’ (1945), அடுத்து ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ (1957), மூன்றாவது ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ (1962), நான்காவது ‘எ பாசேஜ் டு இந்தியா’. நான்கிலும் ரயில் வருகிறது. உங்கள் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான சரடு கிடையாது.

‘ப்ரீஃப் என்கவுன்டர்’ ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவு. போர் முடியாத நேரம் என்பதால் தென்கிழக்கு இங்கிலாந்தை விட்டு வடக்கே கார்ன்ஃபோர்த் நிலையத்துக்குப் போய் இரவில் எடுத்தார்கள். பெரிய காட்சி ஒன்றும் இல்லை. ரயில் கடக்கும்போது கதாநாயகியின் முகத்தில் ஓடும் வெளிச்சத்தை மட்டும் கவனிக்கச் சொல்லுங்க. பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் 1999-இல் வெளியிட்ட 100 பிரிட்டிஷ் படங்களின் பட்டியலில் இதற்கு 2-ஆம் இடம், ‘லாரன்ஸு’க்கு 3-ஆம் இடம்.

‘குவாய்’க்கு நம்மவர்கள் சுலபமாக ஒட்டிக்கொள்வார்கள். கதை நடப்பது தாய்லாந்தில், பாலம் கட்டியது இலங்கையில், கித்துல்கல பக்கம் களனி ஆற்றில். இதற்கும் ‘லாரன்ஸு’க்கும் தலா 7 ஆஸ்கர்.

பதில் 2: வெலிங்டன்_ஒளி

வரிசை சரி. திரையில் கோட்டைவிடக் கூடாதது சட்டக அளவு, அதாவது படத்தின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம். 10 அடி அகலத்தில் உங்கள் 16:9 படத்தின் உயரம் சுமார் 5 அடி 7 அங்குலம். ‘லாரன்ஸ்’ 70 மி.மீ. படம், விகிதம் 2.20. அதனால் உயரம் 4 அடி 6½ அங்குலம்தான் வரும், மேலும் கீழும் 6½ அங்குலம் கறுப்பாக நிற்கும். ‘குவாய்’ 2.55, மேலும் கீழும் 10 அங்குலம் போகும். ‘ப்ரீஃப் என்கவுன்டரு’க்குப் பக்கவாட்டில் தலா 14 அங்குலம் கறுப்பு. யாராவது ரிமோட்டை எடுத்து ஜூம் போட்டுத் திரையை நிரப்பினால் படம் போச்சு. கிணற்றடியில் கானல் நீருக்குள்ளிருந்து ஒமர் ஷெரீஃப் வரும் காட்சிக்கு ஒளிப்பதிவாளர் ஃப்ரெடி யங், தொலைவை நெருக்கிக் காட்டும் 482 மி.மீ. லென்ஸ் போட்டார். முதலில் தெரிவது ஒரு புள்ளிதான், சுற்றியிருக்கும் வெறுமைதான் அந்தக் காட்சியே. அந்தப் புள்ளி தெரிய அறை நன்றாக இருட்ட வேண்டும். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டுங்க, ஆறரைக்கு முன் தொடங்க வேண்டாம்.

‘லாரன்ஸி’ன் 1989-இல் மீட்டெடுத்த பதிப்பைத்தான் வாங்க வேண்டும். வெளியானதும் சுமார் 20 நிமிடம் வெட்டினார்கள், பிறகு 1970 வாக்கில் இன்னும் வெட்டினார்கள். மீட்டதில் தொடக்க இசை கறுப்புத் திரையில் 4 நிமிடம் ஓடும். மெஷின் கெட்டுவிட்டது என்று எழுந்து வருவார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுங்க. இடைவேளை படத்திலேயே இருக்கிறது, நீங்களாக வேறிடத்தில் நிறுத்தாதீங்க.

இன்னொன்று நம் ஊர்ச் சங்கதி. மழை, மஞ்சு நேரத்தில் புரொஜெக்டரைக் குளிரிலிருந்து ஆட்கள் நிறைந்த அறைக்குக் கொண்டுவந்ததும் போட்டால் லென்ஸில் நீர் படிந்து படம் மங்கும். ஒரு மணி நேரம் முன்பே கொண்டுவந்து பையிலேயே வைத்துவிட்டு அப்புறம் திறங்க. யுபிஎஸ் கட்டாயம். வீட்டு டிஸ்க்குக்குப் பொதுத் திரையிடல் உரிமை கிடையாது, விநியோகஸ்தரிடம் எழுதிக் கேளுங்க.

பதில் 3: பல்சக்கரம்

14 வருடக் கேள்வியை இருவருமே விட்டுவிட்டார்கள். 1970-இல் ‘ரயன்ஸ் டாட்டர்’ வந்ததும் நியூயார்க்கில் விமர்சகர்கள் அவரை அழைத்து நேருக்கு நேர் கடுமையாகப் பேசினார்கள். அவர் மனம் உடைந்தது உண்மை. ஆனால் அத்தனை வருடமும் சும்மா இருக்கவில்லை. திரைக்கதை ஆசிரியர் ராபர்ட் போல்ட்டோடு ‘பௌண்டி’ கப்பல் கலகத்தை 2 படங்களாக எடுக்க வருடக்கணக்கில் உழைத்தார். பணம் திரளாமல் அது கைநழுவியது. மக்கள் அவரைக் கைவிட்டதாக நினைக்க வேண்டாம். ‘டாக்டர் ஷிவாகோ’வையும் (1965) பல விமர்சகர்கள் குறைகூறினார்கள், அரங்குகளோ நிரம்பி வழிந்தன. 1984-இல் திரும்பி வந்த படத்துக்கு 11 ஆஸ்கர் பரிந்துரை. வென்றது 2, பெக்கி ஆஷ்கிராஃப்ட் நடிப்புக்கும் மாரிஸ் ஜார் இசைக்கும். சர் பட்டமும் அதே வருடம்தான்.

கடைசி வாரம் ஒரு குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடுங்க. ‘எ பாசேஜ் டு இந்தியா’ கதையில் ரயிலேறிப் பார்க்கப் போகும் மராபார் குகைகளுக்கு முன்மாதிரி பீகாரின் பராபர் குன்றுகள். மூலமான ஈ.எம். ஃபார்ஸ்டர் நாவலில் ரயில் போவது சமவெளியில். லீனுக்கு ஏற்றமும் பாலமும் வேண்டியிருந்ததால் அந்தப் பயணத்துக்கு நம் பாதைக்கு வந்தார், குகைப் பாறைகளுக்குப் பெங்களூர் பக்கம் ராமநகரம், சாவனதுர்கா போனார். படத்தில் ரயில் நின்றதும் குகை வந்துவிடும், நிஜத்தில் நடுவில் ஒரு மாநில எல்லையே இருக்கிறது.

விக்டர் பானர்ஜி ஓடும் ரயிலின் வெளிப்பக்கம் தொற்றிக்கொண்டு வருவதைப் பார்த்துவிட்டு இளைஞர்கள் பாலத்தில் போய் நின்று படம் எடுக்கக் கிளம்புவார்கள், தடுத்துவிடுங்க. கல்லாறு முதல் குன்னூர் வரை, இன்ஜினின் பல்சக்கரம் கவ்வி ஏறும் பல் தண்டவாளத்தில் இன்ஜின் கீழ்ப்பக்கம் நின்று பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஏறும். ஏற்றம் 12½ அடிக்கு 1 அடி, வேகம் மிகக் குறைவு. அதனால் பாதுகாப்பு என்று தோன்றும், ஆனால் பாலத்தில் ஒதுங்க இடமில்லை.

சிம்ஸ்பார்க்_வாசி

மூவருக்கும் நன்றிங்க. கோத்தகிரியார் வரிசையையே எடுத்துக்கொள்கிறோம். ‘லாரன்ஸ்’ அன்று மட்டும் ஆறரைக்குத் தொடங்கினால் முடிய பத்தரை ஆகிவிடும், கோத்தகிரி, அருவங்காடு ஆட்களுக்குத் திரும்பப் பஸ் இருக்காது. அதை ஞாயிறு மதியத்துக்கு மாற்றி, ஜன்னலுக்கு இரட்டைத் துணி கட்டிப் பார்க்கிறோம்.