ஜப்பானிய ஹைக்கூல பருவத்தைக் காட்டுற சொல் கிகோ, அதையெல்லாம் தொகுத்த நூல் சைஜிகி – தமிழ்ல என்ன சொல்றது?

> கிகோ = பருவச்சொல். சைஜிகி = பருவச்சொல் அகராதி. இதுல என்னம்மா குழப்பம்?

ஐயா வணக்கம். குழப்பம் ரெண்டாவதுலதான் ஆரம்பிக்குது. அகராதின்னா அகர வரிசை, சைஜிகி அப்படி இல்லையே. முதல்ல பருவமா பிரிச்சு, அதுக்குள்ள காலம், வானம், நிலம், வாழ்க்கை, விழா, விலங்கு, செடிகொடின்னு அடுக்கி, ஒவ்வொரு சொல்லுக்கும் விளக்கம், கீழ மாதிரிக்கு நாலு ஹைக்கூ. நாத்து நடுறது, கொசுவலை எல்லாம் கோடையில இருக்கும், மார்ச் மாச பொம்மைத் திருவிழா வசந்தத்துல. 1803லயே பாக்கின்ங்கிற எழுத்தாளர் சைஜிகி ஒண்ணு தொகுத்துட்டார். பொருள் வாரியா அடுக்குறதுக்கு நம்மகிட்ட ஏற்கனவே பேர் இருக்கு, நிகண்டு. சூடாமணியில தேவப்பெயர், மக்கட்பெயர், விலங்கின்பெயர்னு போற அதே புத்திதான்.

அடுத்து பருவச்சொல். பருவம்னதும் நம்மாளுக்கு வயசுதான் முதல்ல ஞாபகம் வரும், புத்தக அட்டையில அப்படிப் போட்டா கடைக்காரர் எந்த அலமாரியில வைப்பாரோ :-) அது போகட்டும், எனக்கு பெரிய உறுத்தல் வேற. சைஜிகியில தர்பூசணி எந்தப் பருவம் தெரியுமா? கோடை இல்ல, அடுத்த பருவமான அகி! தனபாத்தாங்கிற நட்சத்திரத் திருவிழாவை இப்ப பல ஊர்ல ஜூலை 7 கொண்டாடுறாங்க, அதுவும் அகிதான். பழைய பஞ்சாங்கத்துல ஏழாம் மாசம் அகியோட தொடக்கம், 1873ல மேல்நாட்டு காலண்டருக்கு மாறினப்ப தேதி நகர்ந்துச்சு, சொல்லு நகரல. நிலான்னு வெறுமனே சொன்னாலே அகி, பூன்னா செர்ரி, தவளைன்னா வசந்தம். வெயில் மழைய பாத்து வெச்சதில்ல, செய்யுள் மரபு. "காரும் மாலையும் முல்லை"ன்னு தொல்காப்பியர் சொல்றாரே, அந்த மாதிரி. அதனால பொழுதுச்சொல், பொழுது நிகண்டு.

> பொழுதுன்னா காலை மாலைன்னு நினைப்பாங்க. நிகண்டு செய்யுள்ல இருக்கணும், அதுல உதாரணப் பாட்டும் கிடையாது. வேணும்னா "பொழுதுக்கரு"ன்னு வைங்க, கருப்பொருள் சாயல் வரும்.

பெரும்பொழுது இருக்கே ஐயா, அத ஸ்கூல் பிள்ளைங்களே படிக்குது. நிகண்டு பத்தி நீங்க சொன்னது நியாயம், ஆனா அடுக்குற முறைக்காக அந்தப் பேர நீட்டிக்கலாம்னு தோணுது. பொழுதுக்கரு ரொம்ப பிடிச்சிருக்கு, பறவை, மரம், விழா எல்லாம் அதுல அடங்கிடும், நம்ம கருப்பொருள் திணைக்கு அடையாளம்னா இது பொழுதுக்கு அடையாளம். அப்ப கிகோ = பொழுதுக்கரு, சைஜிகி = பொழுது நிகண்டு, சரியா?

> சரி, எழுதிக்கிட்டேன். ஆனா நீங்க அகி அகின்னே நழுவுறீங்களே, அத இலையுதிர் காலம்னு போட்டுடலாம்ல?

மாட்டிக்கிட்டேன் :-) வேணும்னேதான் விட்டேன் ஐயா. 905ல சுராயுகி முதலானவங்க தொகுத்த கோகின்ஷூங்கிற பாடல் தொகுப்பு இருபது தொகுதி, அதுல முதல் ஆறு பருவத்துக்கு, வசந்தத்துக்கும் அகிக்கும் ரெவ்வெண்டு, கோடைக்கும் குளிருக்கும் ஒவ்வொண்ணுதான். அந்த அகி பகுதியோட முதல் பாட்டுல தோஷியுகிங்கிற கவிஞர், அகி வந்தது கண்ணுக்கு தெளிவா தெரியல, காத்தோட சத்தத்துல திடுக்கிட்டேன்ங்கிறார். ஆகஸ்ட் முதல் வாரத்துலயே அகி பொறந்துடும், ஒரு இலைகூட உதிர்ந்திருக்காது. இலையுதிர் காலம்னு நாம போட்டா கண்ணுக்கே தெரிஞ்சுடுமே, பாட்டு அங்கயே செத்துச்சு. கார்னு போட்டா மழை வந்து நிலாவ மறைச்சுடும். கூதிர்தான் கொஞ்சம் கிட்ட வருது, ஆனா அதுல ஒரு வாடை நடுக்கம் இருக்கு, அகியோட ஆரம்பத்துல இன்னும் புழுக்கமாத்தான் இருக்கும். சரியான சொல் கிடைக்கிற வரைக்கும் அகின்னே வெச்சுக்கலாமா?