நெடுந்தூரக் குறி: படுத்துச் சுடுவதா, உட்கார்ந்து சுடுவதா?

செவ்வாய்ப்பேட்டைக்காரர்:
நியூசிலாந்தில் வேலை பார்க்கும் என் தம்பி, உரிய அனுமதியோடு மான் வேட்டைக்குப் போய், 250 மீட்டர் தூரத்தில் நின்றபடியே சுட்டுக் கோட்டைவிட்டிருக்கிறான். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் ஊரில் வேட்டைக்கு இடமில்லை. ஆனால் காகிதக் குறியில் ஆறு ஆண்டுகளாகச் சுட்டுவருகிறேன் என்பதால் என்னிடம் யோசனை கேட்டான். குப்புறப் படுக்காமல் அந்தத் தூரத்துக்கு விசையைத் தொடாதே என்றேன். நிற்கும்போது ரைஃபிளின் எடையைத் தசைகள் சுமக்கின்றன, களைத்ததும் நடுங்குகின்றன. படுத்து, இடது முழங்கையைத் தரையில் ஊன்றி, தோல்வாரை மேற்கையில் இறுக்கிவிட்டால் எலும்பே தூணாக நின்று தாங்கும்.

நாகலூர்த் தோட்டக்காரர்:
ஐயா, அதெல்லாம் சமதளத்துக்குச் சரி. சேர்வராயன் மலையில் என் காப்பித் தோட்டத்துச் சரிவில் ஒருமுறை கீழ்நோக்கிப் படுத்துப் பாருங்கள்: தலை காலைவிடத் தாழ்ந்து கழுத்து வலிக்கும், கண்ணெதிரே உண்ணிச்செடியைத் தவிர வேறெதுவும் தெரியாது. அந்தக் காலத்தில் உரிமம் வைத்திருந்த என் தகப்பனார், சரிவில் குதிகால்களை மண்ணில் அழுத்தி உட்கார்ந்து, முழங்கைகளை முழங்கால்களின் உட்புறச் சதையில் பொருத்திக் காட்டுவார். முழங்கை எலும்பை முழங்கால் சில்லின்மேல் வைத்தால் வழுக்கும் என்பார்.

செவ்வாய்ப்பேட்டைக்காரர்:
உட்கார்ந்தாலும் ஆட்டம் இருக்கத்தானே செய்கிறது? 50 மீட்டரில் 2 செ.மீ. விலகுவது 250 மீட்டரில் 10 செ.மீ. ஆகிவிடும். நெஞ்சில் படவேண்டிய குண்டு வயிற்றில் பட்டு, அந்த உயிர் மணிக்கணக்கில் துடித்துச் சாவதை என்னால் ஏற்க முடியாது. படுக்க இடமில்லையென்றால் இன்னும் நெருங்கிப் போகட்டும், முடியாவிட்டால் விட்டுவிடட்டும்.

அழகாபுரம் மாணவி:
அண்ணா, நிற்கும் பயிற்சியை அடியோடு ஒதுக்காதீர்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற 50 மீட்டர் போட்டியிலேயே மண்டியிட்டு, படுத்து, நின்று என மூன்று நிலைகளும் உண்டு. எந்த நிலையானாலும் குறிபார்த்தபின் கண்ணை மூடி, இரண்டு முறை மூச்சுவிட்டுத் திறந்து பார்க்க வேண்டும். குறி விலகியிருந்தால் கையால் இழுத்துச் சரிசெய்யாமல் உடம்பையே நகர்த்தி வைக்க வேண்டும்.

நாகலூர்த் தோட்டக்காரர்:
நன்றாகச் சொன்னீர்கள் அம்மா. செவ்வாய்ப்பேட்டையாரே, தம்பி சுட்டது சரிவிலா? 30 பாகைச் சரிவில் 250 மீட்டர் என்றால் கிடைமட்டத் தூரம் ஏறக்குறைய 217 மீட்டர்தான். குண்டு எவ்வளவு தாழும் என்பதை அந்தத் தூரத்தை வைத்தே கணக்கிட வேண்டும். 250 என்று வைத்தால் குண்டு மேலே போய்விடும்.

செவ்வாய்ப்பேட்டைக்காரர்:
இப்போதுதான் கேட்டேன். மலைச்சரிவில் கீழ்நோக்கிச் சுட்டானாம், குண்டு மானின் முதுகுக்கு மேலே போனதாம். சரிவுக் கணக்கை நான் யோசிக்கவே இல்லை, உங்களுக்கு நன்றி. ஆனால் நின்று சுட்ட ஒற்றைக் குண்டை வைத்து, பிழை கணக்கிலா கையிலா என்று எப்படிப் பிரிப்பது? படுத்து ஐந்து, உட்கார்ந்து ஐந்து எனக் காகிதத்தில் சுட்டு, இரண்டு தாள்களையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். வந்ததும் இங்கே போடுகிறேன்.