குறைந்த வெளிச்சத்தில் ரயில்: பிரைம் லென்ஸ் அனுபவங்கள்

காரமடைக்காரர்:

ஜனவரி மாதத்தில் ஒரு காலை, 7.10-க்குப் புறப்படும் ஊட்டி ரயில் மேட்டுப்பாளையம் நடைமேடையில் நின்றுகொண்டிருந்தது. அரை மணி நேரம் முன்பே போயிருந்தேன். கூரைக்கு அடியில் இருட்டு இன்னும் விலகவில்லை. கையில் இருந்தது 50 எம்.எம். எஃப்/1.8 பிரைம் லென்ஸ் ஒன்றுதான். ஜூம் செய்ய முடியாத லென்ஸ் அது; எஃப் எண் சிறியது என்பதால் அகலமாகத் திறந்து நிறைய வெளிச்சத்தை உள்ளே விடும். இந்த ரயிலை என்ஜின் பின்னாலிருந்து தள்ளுகிறது என்பதால், முன்பெட்டியின் திறந்த முகப்பில் நின்று வழியைப் பார்த்துக் கொடி காட்டுபவர் பிரேக்ஸ்மேன்தான். அன்றைக்கு இருந்தவர் பெரியவர். கைப்பிரேக்கின் சக்கரத்தைப் பழந்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். நான் அனுமதி கேட்டதும் தலையசைத்துவிட்டு, சக்கரத்தில் கையை வைத்தபடியே ஒரு கணம் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தக் கணத்தில்தான் ஷட்டரை அழுத்தினேன்.

"படம் நல்லா வந்துச்சாங்க தம்பி?" என்று கேட்டார். கேமராவின் சிறிய திரையை மட்டும் பார்த்துவிட்டு, "வந்துச்சுங்க ஐயா" என்றேன். வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தபோது கை துல்லியமாக இருந்தது, முகம் மங்கியிருந்தது. இரண்டு மீட்டர் தூரத்தில் எஃப்/1.8-இல் கூர்மை கிடைக்கும் ஆழம் ஒரு சாணுக்கும் குறைவு என்பது எனக்குத் தெரியாத விஷயமல்ல. தெரிந்திருந்தும் அவரிடம் அப்படிச் சொன்னதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

எழும்பூர் வாசி:

லென்ஸ் எவ்வளவு திறக்கிறதோ அவ்வளவும் திறந்துதான் எடுக்க வேண்டும் என்ற எண்ணமே உங்கள் படத்தைக் கெடுத்தது என்பது என் கருத்து. எஃப்/2.8-க்கு மூடியிருந்தால் அந்த ஆழம் ஒரு சாணைத் தாண்டியிருக்கும், கையோடு முகமும் ஓரளவு தெளிந்திருக்கும். இழக்கும் வெளிச்சத்தை, கேமராவின் ஒளியுணர்வு அளவான ஐ.எஸ்.ஓ.வை 1600-லிருந்து 4000-க்கு உயர்த்தி ஈடுசெய்துவிடலாம். படத்தில் விழும் புள்ளிகளைப் பிறகு குறைத்துக்கொள்ள முடியும். தவறிய ஃபோகஸை எந்த மென்பொருளாலும் உண்மையாக மீட்க முடியாது.

என் அனுபவம் சிறியது. மகள் முதன்முறையாக வெளியூர் வேலைக்குக் கிளம்பிய இரவு, எழும்பூரில் ரயில் நகரத் தொடங்கியபோது, சன்னல் கம்பிக்குள்ளிருந்து அவள் கையசைத்ததை எடுத்தேன். பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரை 1/500 நொடியில் வைத்திருந்தேன். அவள் முகத்தின் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழுந்துவிட்டன. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கின்றன. கண்ணுக்குத் தெரியாத அந்தத் துடிப்பை, படத்தை வரிவரியாகப் பதியும் எலக்ட்ரானிக் ஷட்டர் பிடித்துவிடுகிறது. ஆகவே நடைமேடையில் எடுப்பவர்கள் மெக்கானிக்கல் ஷட்டரை 1/100 அல்லது 1/50-இல் வையுங்கள். நடை வேகத்தில் நகரும் பெட்டி 1/100 நொடியில் ஒன்றரை சென்டிமீட்டர்கூட நகராது. அதோடு சேர்த்துக் கேமராவையும் மெல்லத் திருப்பினால் அந்த நகர்வும் தெரியாது. இருட்டில் ஆட்டோ ஃபோகஸ் தடுமாறும்போது, ரயில் வருவதற்கு முன்பே நடைமேடையின் விளிம்புக் கோட்டில் ஃபோகஸ் செய்து, மேனுவலுக்கு மாற்றி அப்படியே விட்டுவிடுங்கள். லோகோ பைலட்டின் கண்ணில் படும்படி ஃபிளாஷ் போடவே கூடாது. தண்டவாளத்தில் இறங்குவதும் கூடாது. 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-வது பிரிவின்படி அதற்கு ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை உண்டு.

மண்டபத்திலிருந்து ஒருவர்:

மேலே எழுதியவர் சொல்வதை முழுதாக ஏற்க முடியவில்லை. நடைமேடையில் விளக்காவது இருக்கிறது. பாம்பன் சாலைப் பாலத்தில் விடிவதற்கு முன் நின்று பார்த்தால்தான் எஃப்/1.4-க்கும் எஃப்/2.8-க்கும் இடையிலுள்ள நான்கு மடங்கு வெளிச்சத்தின் அருமை தெரியும். பழைய பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில் ஒருநாள், 35 எம்.எம். லென்ஸை முழுதாகத் திறந்துவைத்துக் காத்திருந்தேன். காற்று ஆளையே தள்ளியது. ரயில் ஊர்ந்து வந்து திரும்பியதும் அதன் முகப்பு விளக்கைக் கண்டு ஏமாந்த கேமரா, தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டது. எனக்குக் கிடைத்தது கறுப்புக் கடலும் அதன்மேல் ஒற்றை வெள்ளைப் பொட்டும்தான். ஷட்டர், ஐ.எஸ்.ஓ. அளவுகளைக் கேமராவிடம் விடாமல் முன்பே கையால் நிறுத்திவைத்திருக்க வேண்டும். 2022 டிசம்பரோடு அந்தப் பாலத்தில் ரயில் நின்றுபோனது, இனி அந்தப் படத்தை யாரும் எடுக்க முடியாது. உங்கள் பிரேக்ஸ்மேனாவது இருக்கிறார். போய்ப் பாருங்கள்.

காரமடைக்காரர்:

எழும்பூர் நண்பருக்கு ஒரு விளக்கம்: நான் லென்ஸைக் குறை சொல்லவில்லை, எஃப்/2.8 யோசனையும் சரியானதே. நேற்று அந்தப் படத்தை மறுபடி திறந்து பார்த்தேன். நகக்கண்ணில் படிந்த கரியும், சக்கரத்தைப் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன விரல்மடிப்பும் ஒவ்வொன்றாகத் தெரிகின்றன. அதை அச்செடுக்கக் கொடுத்திருக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை 6.30-க்கெல்லாம் நடைமேடையில் இருப்பேன். அன்றைக்கு அவருக்குப் பணி இல்லையென்றால், எந்த நாளில் வருவார் என்று கேட்டுக்கொண்டு திரும்புவேன்.