ஆட்டு மடி ஒரு பக்கம் வீங்கிருக்கு, தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்

எல்லாருக்கும் வணக்கம். மட்டக்குளி பக்கம் வீட்டுக்குப் பின்னால ரெண்டு ஜமுனாபாரி கலப்பு ஆடு வளக்கிறோம், பெரியது குட்டி போட்டு நல்லா பால் தந்துகொண்டு இருந்துச்சு, இப்ப இடது மடி மட்டும் வீங்கி இறுகி சூடா இருக்கு, கை வச்சாலே உதைக்குது. முதல் பீச்சுப் பாலை கறுப்புத் துணியில விட்டுப் பாத்தா துணுக்குத் துணுக்கா தயிர்க்கட்டி போல நிக்குது, வலது பக்கம் சுத்தம்.

டொக்டர் மடிவீக்கம்தான்னு சொல்லி ஊசி போட்டுட்டு காம்புக்குள்ள விடுற டியூபும் தந்தார். அது மாட்டுக்குச் செஞ்சது, ஆட்டுக் காம்பு ஓட்டை சின்னன், முழு நுனியையும் தள்ளாம கொஞ்சமா விடச் சொன்னார். எனக்குக் கை நடுங்குது, பழகினவங்க எப்படி செய்றீங்க?

பக்கத்து வீட்டு அன்ட்டி மஞ்சள் பூசச் சொல்றாங்க (அவங்களுக்கு எல்லாத்துக்கும் மஞ்சள்தான்), ஆனா உள்ளுக்கு இருக்கிற பக்டீரியாவுக்கு வெளியில பூசி என்ன வரும்?

சிஎம்டி டெஸ்ட் (பால்ல மருந்து கலந்து மடிவீக்கம் இருக்கான்னு பாக்கிறது) மருந்து கொழும்புல எங்க எடுக்கலாம்? அந்த டெஸ்ட் பால்ல இருக்கிற செல் கூடினா தடிக்கும், ஆனா ஆட்டுப் பால்ல செல் எண்ணிக்கை சாதாரணமாவே மாட்டை விடக் கூட, அதால லேசா தடிச்ச உடனே நோய்னு எடுக்காம ரெண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுத்தான் பாக்கணுமாம். மடி குளிர்ந்து நீலம் பாரிச்சா உடனே தூக்கிட்டு ஓடணும்னு தெரியும், இன்னும் அப்படி இல்ல.

இப்ப பாலை குடிக்காம கீழ ஊத்துறோம். மருந்து போட்ட பிறகு எத்தனை நாள் பால் எடுக்கக் கூடாதுன்னு டியூப் பெட்டியில மாட்டுக்குப் போட்டிருக்கிற நாள் கணக்கு ஆட்டுக்கும் சரியா, இல்ல கூட நாள் விடணுமா?