சால்மன் மீட்பு வாரியங்களில் அமர்பவர்கள் யார்?

ஆற்றங்கரையான்:
அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சால்மன் மீன்களை மீட்பதற்கென வட்டார வாரியங்கள் இயங்குகின்றன. அவற்றின் உறுப்பினர்கள் அனைவரும் மீன்வள அறிவியலாளர்கள்தாமா? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

கயல்:
இல்லை. கொலம்பியா ஆற்றின் மேற்பகுதிக்கான மேல் கொலம்பியா வாரியத்தை எடுத்துக்கொண்டால், ஷெலான், டக்ளஸ், ஓகனோகன் ஆகிய மூன்று கவுண்டிகளின் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதிகள்) பிரதிநிதிகளும், யாக்கமா, கோல்வில் பழங்குடி அரசுகளின் பிரதிநிதிகளும் அதில் அமர்கிறார்கள். ஆப்பிள் தோட்டங்களுக்கு ஆற்றுநீரை நம்பியிருக்கும் உழவர்களிடம் வாக்குக் கேட்டு வந்தவரும், அதே ஆற்றின் மீனை முன்னோர் உரிமையாகக் கருதுபவரும் ஒரே மேசையில் அமர்வதுதான் இந்த அமைப்பின் சிறப்பு; சிக்கலும் அதுவே என்பேன். அறிவியலாளர்கள் தனித் தொழில்நுட்பக் குழுவாக இருந்து, திட்டங்களை மதிப்பிட்டு ஆலோசனை வழங்குகிறார்கள்.

ஆற்றங்கரையான்:
நன்றி. பழங்குடியினருக்கு இடம் அளிப்பது வெறும் மரியாதைக்காகவா?

நெடுவழி:
அல்ல. வழக்கமான இடங்களில் மீன்பிடிக்கும் உரிமையை யாக்கமா மக்கள் அமெரிக்க அரசுடன் செய்துகொண்ட 1855ஆம் ஆண்டு ஒப்பந்தத்திலேயே தக்கவைத்துக்கொண்டார்கள். மேற்கு வாஷிங்டன் தொடர்பான 1974ஆம் ஆண்டுத் தீர்ப்பில், பிடிக்கத்தக்க மீன்களில் பாதி ஒப்பந்தப் பழங்குடியினருக்கு உரியது என்று நீதிபதி போல்ட் அறிவித்தார். ஆகவே அவர்கள் விருந்தினர்கள் அல்லர், உரிமையாளர்கள்.

கயல்:
ஒரு சேர்க்கை: நிதி ஒதுக்கும் மாநில வாரியம் 1999இல் உருவாக்கப்பட்டது. அதில் ஆளுநர் நியமிக்கும் குடிமக்கள் ஐவருக்கே வாக்குரிமை உண்டு. மாநிலத் துறைகளின் தலைவர்கள் வாக்கின்றி அமர்கிறார்கள்.